பழைய பின்பால் எந்திரத்தை விற்கிறீர்களா? படம் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாய்வான பலகையில் எஃகுக் குண்டை அடித்து விளையாடும் பின்பால் எந்திரத்தை விற்பவர், பல ஆண்டுகள் தன்னோடு இருந்த அழகான பொருளாக அதைப் பார்த்துப் படம் எடுக்கிறார். வாங்க நினைப்பவரோ அதே படத்தில் பழுதைத்தான் தேடுகிறார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள, தூக்கிச் செல்ல ஆளும் வண்டியும் வேண்டியிருக்கிற ஒரு பொருளுக்காக யாரும் சும்மா கிளம்பி வருவதில்லை. வரலாமா வேண்டாமா என்பதைப் படங்களை வைத்தே முடிவு செய்கிறார்கள். படத்தில் தெளிவில்லாத இடத்தை அவர்கள் பழுதான இடமாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் தவறுகள் ஏன் விலையைக் குறைக்கின்றன என்பது எளிதில் புரியும்.

மேல் கண்ணாடியைக் கழற்றாமல் படம் எடுப்பதுதான் மிகப் பரவலான தவறு. கண்ணாடி இருக்கும்வரை அறையின் விளக்கு, ஜன்னல், படம் எடுப்பவரின் முகம் ஆகிய எல்லாமே பிளேஃபீல்டு எனப்படும் ஆட்டப் பலகையின் மேல் விழுந்து கிடக்கும். ஃபிளாஷ் போட்டால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டுமே மிஞ்சும். பெரும்பாலான எந்திரங்களில் காசு போடும் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் நெம்புகோலை நகர்த்தினால், முன்பக்கத்து உலோகப் பட்டையான லாக்டவுன் பார் கையோடு வந்துவிடும். அதன் பிறகு கண்ணாடியைத் தன் பக்கமாக இழுத்து எடுப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அது வெப்பத்தால் கடினமாக்கப்பட்ட கண்ணாடி என்பதால், நடுவில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதன் மூலை கல் தரையில் லேசாகத் தட்டினாலே மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். மடித்த போர்வையின் மேல் சாய்த்து வையுங்கள்.

அடுத்த தவறு, தெரியாமல் செய்வது, ஆனால் விற்பவருக்குப் பெரிய கெடுதல் செய்வது. எந்திரம் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும், படத்திலோ பாதி விளக்குகள் அணைந்திருக்கும், மதிப்பெண் காட்டும் திரையில் எழுத்துகள் அரைகுறையாக இருக்கும். பல மின்னணு எந்திரங்களில் ஆட்டத்தின்போது மாறி மாறி எரியும் விளக்குகள் எட்டு நெடுவரிசை, எட்டுக் கிடைவரிசை என்று 64 வரை இணைக்கப்பட்டிருக்கும். எந்தக் கணத்திலும் ஒரே ஒரு நெடுவரிசைக்குத்தான் மின்சாரம் போகும். இந்தச் சுழற்சி மிக வேகமாக நடப்பதால் நம் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவதாகத் தோன்றுகிறது. 1990களின் எந்திரங்களில் வந்த, 128-க்கு 32 புள்ளிகள் கொண்ட திரையும் இப்படித்தான் வரிவரியாகப் புதுப்பிக்கப்படுகிறது. கேமராவின் ஷட்டர் மிக வேகமாகத் திறந்து மூடினால், அந்தச் சுழற்சியின் ஒரு துண்டை மட்டுமே அது பிடிக்கிறது. வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டு, விளக்குகளை இயக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டு பழுது என்று கணக்குப் போட்டு விலையைக் குறைத்துக் கேட்பார். கைபேசியின் கேமராவில் கைமுறை அமைப்பு இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்கோ அதற்கும் மெதுவாகவோ வைத்து, கைபேசியை முக்காலியிலோ புத்தக அடுக்கிலோ அசையாமல் நிறுத்தி எடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அறையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கேமரா தானாகவே மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும்.

விளக்கெரியும் படங்கள் அழகாக இருக்கின்றன என்பதற்காக அவற்றோடு நிறுத்திக்கொள்வதும் தவறுதான். எரியும் விளக்கு தேய்மானத்தை மறைக்கும், அதன் மஞ்சள் ஒளி வெள்ளைப் பிளாஸ்டிக்கைக்கூடப் பழுப்பேறியதாகக் காட்டும். எந்திரத்தை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒரு முழுத் தொகுதியை மறுபடியும் எடுக்க வேண்டும். பந்து மோதினால் அதை எதிர்த்துத் தள்ளும் பம்பர்களைச் சுற்றிய பகுதி, பந்து விழும் குழிகளின் விளிம்பு, பந்து ஏவப்படும் பாதை, பந்தை அடிக்கும் துடுப்புகளான ஃபிளிப்பர்களுக்கு மேலே உள்ள பரப்பு ஆகியவற்றில்தான் வண்ணம் முதலில் தேய்ந்து மரம் வெளியே தெரியும். அனுபவமுள்ளவர்கள் நேராக இந்த இடங்களுக்குத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். விளக்குகளுக்கு மேல் பதித்திருக்கும் வண்ணப் பிளாஸ்டிக் வில்லைகள், அதாவது இன்சர்ட்டுகள், காலப்போக்கில் மேலெழும்பும் அல்லது குழிந்துபோகும். மேலிருந்து நேராக எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. ஒரு கைவிளக்கைப் பலகையின் மட்டத்துக்கு அருகே பிடித்து, ஒளி பக்கவாட்டிலிருந்து தடவிச் செல்லும்படி வைத்து எடுத்தால், மேடு பள்ளம் நிழலாக விழுந்து தெரிந்துவிடும். இன்சர்ட்டுகள் சமமாக இருக்கிற எந்திரம் உங்களுடையது என்றால், இந்த ஒரு படம் பத்து வரி விளம்பரத்தைவிட அதிகமாகப் பேசும்.

படம் எடுப்பதற்கு முன் துடைக்கிறேன் என்று கிளம்பி, இருப்பதைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. பழைய எந்திரங்களின் பேக்பாக்ஸ் எனப்படும் நிமிர்ந்த பெட்டியில் இருக்கும் பேக்கிளாஸில் ஓவியம் கண்ணாடியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வண்ணம் உலர்ந்து உரியும் நிலையில் இருந்தால், ஈரத்துணியின் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள், பின்பக்கத்தைத் தொடாதீர்கள். உரிந்த இடம் இருந்தால் உள்விளக்கு எரியும்போது அங்கே ஒளி வெள்ளையாகக் கசியும்; ஆகவே பேக்கிளாஸுக்கு விளக்கெரியும் படம் கட்டாயம் வேண்டும். எந்திரத்தின் உடற்பெட்டியின் இரு பக்கங்களையும் தனித்தனியாக எடுப்பதை மறக்க வேண்டாம். ஜன்னலைப் பார்த்து நின்ற பக்கம் வெளுத்தும், சுவரைப் பார்த்த பக்கம் புதிதுபோலவும் இருப்பது மிகச் சாதாரணம். ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் மறுபக்கத்தைப் பற்றிய கேள்வி வந்தே தீரும்.

உள்ளே இருப்பதைக் காட்டாமல் விடுவதை நான் சோம்பல் என்றே சொல்வேன். வாங்குபவர் அதை வேறு பெயரிட்டு அழைப்பார். முதலில் எந்திரத்தை அணைத்து மின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள், ஏனென்றால் பழைய திரைகளுக்குப் போகும் மின்னழுத்தம் நூறு வோல்ட்டைத் தாண்டும். பிறகு பேக்பாக்ஸைத் திறந்து போர்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். 1977 முதல் 1980களின் நடுப்பகுதி வரை வந்த பேலி நிறுவன எந்திரங்களில் கட்டுப்பாட்டு போர்டின் மேலேயே பற்றவைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரியும், 1990களின் வில்லியம்ஸ் நிறுவன எந்திரங்களில் மூன்று ஏஏ பேட்டரிகளும் இருக்கும். இவை கசிந்தால் பக்கத்திலுள்ள செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரித்துப்போகும் என்பதால், பேட்டரியைச் சுற்றிய பகுதிக்கு நெருக்கமான ஒரு படம் தனியாகத் தேவை. பொது விளக்குகளுக்கு மின்சாரம் தரும் கனெக்டர் பழுப்பேறிக் கருகியிருக்கிறதா என்பதும் படத்தில் தெரிய வேண்டும். பலகையைத் தூக்கி அடிப்பக்கத்தை எடுக்கும்போது, பந்துகளை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள அந்த எஃகுக் குண்டுகள் உருண்டு விழுந்து, நீங்கள் படமெடுக்க வந்த பொருளையே உடைத்துவைக்கும்.

கைபேசியின் அகலக்கோண லென்ஸில் நெருங்கி நின்று எடுத்தால் கால்கள் வளைந்தும் பேக்பாக்ஸ் சாய்ந்தும் தெரியும். நான்கடி பின்னே போய்ச் சாதாரண லென்ஸில் எடுங்கள். நிறத்தைத் தூக்கலாக்கும் ஃபில்டர்கள் வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தைப் போட்டுவிட்டு இப்போதும் அப்படியேதான் இருக்கிறது என்று சொல்வதும் வேண்டாம்.

கீறலும் விரிசலும் இருக்கிற இடங்களை ஓரமாக வெட்டி எடுப்பது தற்காலிகமாகவே உதவும், ஏனென்றால் நேரில் வந்தவர் முதலில் அதைத்தான் பார்ப்பார், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பப்போவதில்லை. விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்துவிட்டால் அதன் அளவு தெரிந்துவிடும், பேரமும் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும்.

அனுப்பும் விதத்திலும் கவனம் தேவை. குறுஞ்செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கி நுணுக்கங்களை அழித்துவிடுவதால், கோப்பாக அனுப்புவதே நல்லது. ஆனால் அப்படி அனுப்பும்போது, படம் எடுத்த இடத்தின் வரைபடக் குறிப்பும் கோப்புக்குள்ளேயே கூடப் போகும். விலையுயர்ந்த பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்பதை முன்பின் அறியாதவருக்குத் தெரிவிக்க விரும்பாதவர்கள், இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். கூடவே, சுவிட்ச் போடுவதிலிருந்து கடைசிப் பந்து விழும்வரை வெட்டாமல் எடுத்த ஒரு காணொளியை ஒலியோடு அனுப்புங்கள். ஃபிளிப்பரின் அடி பலமாக இருக்கிறதா, துவண்டு விழுகிறதா என்பதை எந்தப் படமும் சொல்லாது.