வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அப்பாக்களுக்கு

வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய முதல் மாதத்தில் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி, "இப்போ வீட்லதான் சும்மா இருக்கீங்களா?" என்பதே. இதற்கு நீண்ட விளக்கம் எதுவும் தேவையில்லை. "அவங்க வேலைக்குப் போறாங்க, நான் பாப்பாவைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். சங்கடத்தைத் தவிர்க்க, "வேலை தேடிட்டு இருக்கேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த கல்யாண வீட்டில் அதே பெரியப்பா உங்கள் பயோடேட்டாவைக் கேட்டு வாங்காமல் விடமாட்டார். உங்கள் பெற்றோரிடம் நீங்களும், தன் பெற்றோரிடம் உங்கள் மனைவியும், இது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

மத்திய அரசு 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த நமக்கும் பாத்திரம் துலக்குவதும் துணி மடிப்பதும் ஒரு வாரத்தில் பழகிவிடும். எது எப்போது தீரும், எது எந்தத் தேதியில் வரும் என்று நினைவில் வைத்துக்கொள்வதுதான் எளிதில் பழகாது. காலை பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைத்து, "கேஸ் புக் பண்ணியாச்சா? நாளைக்கு மாவு இருக்கா?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தவரை, நான் வெறும் கையாளாகவும் அவர் மேற்பார்வையாளராகவும்தான் இருந்தோம் என்பது எனக்குப் புரியவே மூன்று மாதங்கள் ஆயின. எனவே சில பொறுப்புகளை முழுமையாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். மாவு உங்கள் பொறுப்பு என்றால், நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்று ஊறப்போடுவதோடு, உளுந்து டப்பாவின் அடி தெரியும்போதே கடைக்குப் போவதும் அதில் அடங்கும். தடுப்பூசியும் அப்படித்தான்: பிறந்தவுடன் போடுபவை போக, 6, 10, 14ஆம் வாரங்கள், 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, 16 முதல் 24 மாதங்களுக்குள் பூஸ்டர் என்று வரும் தேதிகளை, அட்டையைப் பார்த்து உங்கள் கையாலேயே காலண்டரில் குறித்துவையுங்கள்.

தாய்ப்பாலை எடுத்துவைத்துவிட்டு மனைவி வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில்தான் அந்தப் பால் நான்கு மணி நேரம் தாங்கும் என்பதால், நம் ஊர் வெயிலுக்கு உடனே ஃபிரிட்ஜின் உட்பக்கத்தில் வைப்பதே சரி. அங்கே நான்கு நாட்கள் வரை இருக்கலாம். கொடுக்கும்போது அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காமல், வெந்நீர்க் கிண்ணத்தில் பாத்திரத்தோடு வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். புட்டியைத் துப்பிவிடும் குழந்தை, மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையில் குடித்துவிடுவது உண்டு. தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கு கீழுதட்டைத் தொடும்படி வைத்து, குழந்தை தானாக நக்கி விழுங்கும் வேகத்துக்கு நீங்கள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்தால் புரையேறும். ஆறு மாதத்துக்குப் பிறகு நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சாதம் தரலாம். ஒரு வயது முடியும்வரை, பாட்டி எவ்வளவு ஆசையோடு வந்தாலும், நாக்கில் தேன் தடவ விடாதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியைச் சமாளிக்கும் திறன் கைக்குழந்தையின் குடலுக்கு இல்லை.

வெளியில் போனால், அப்பா என்றொருவர் இருப்பதையே பல இடங்கள் மறந்துவிடுகின்றன. டயப்பர் மாற்றும் மேடை பெரும்பாலும் பெண்கள் கழிப்பறையில்தான் இருக்கும். அதனால் மடித்து வைத்துக்கொள்ளும் ரப்பர் ஷீட் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். மகள் சேர்ந்த மழலையர் பள்ளியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, வீட்டில் இருந்த என்னை விட்டுவிட்டு, மீட்டிங்கில் இருந்த என் மனைவியைத்தான் ஆறு முறை அழைத்தார்கள். முதலில் அழைக்க வேண்டிய எண் உங்களுடையது என்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிக்கொடுத்து, வகுப்பு ஆசிரியரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை பெரியவர் ஒருவரோடும் பேசாமல் கழியும் நேரம். பக்கத்து வீட்டு அம்மாக்கள் கூடிப் பேசும் இடத்துக்கு நாம் போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது. அது அவர்கள் தவறும் இல்லை, நம் தவறும் இல்லை. தினமும் ஒரு நண்பரையாவது அழைத்துப் பேசுங்கள். வாரத்தில் ஒரு அரை நாளைக் கேட்டு வாங்கி, வீட்டைவிட்டு வெளியே போய்விடுங்கள். குழந்தை அழுகையை நிறுத்தாமல் உங்களுக்குக் கோபம் தலைக்கேறினால், ஒருபோதும் உலுக்காதீர்கள். விழ வாய்ப்பில்லாதபடி தரையில் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பால்கனியில் நின்றுவிட்டு வரலாம். இரண்டு வாரம் கடந்தும் மனம் எதிலும் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு ஏற்பாடு போதும்: வீட்டுச் செலவுக்கென ஒரு கூட்டுக் கணக்கும், சிறு தொகையானாலும் கேட்காமலே மாதாமாதம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வந்துசேரும்படி ஒரு ஏற்பாடும் செய்துகொள்ளுங்கள்.

மாலையில் மனைவி செருப்பைக் கழற்றும்போதே குழந்தையைக் கையில் திணித்துவிடுவது நாம் எல்லோரும் செய்யும் பிழை. அவர் முகம் கழுவி ஒரு டீ குடிக்கும்வரை இன்னும் கால் மணி நேரம் தாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் மேல் ஒரு சிலேட்டை வைத்து, எத்தனை மணிக்குத் தூங்கினாள், என்ன சாப்பிட்டாள், எதைத் துப்பினாள் என்று எழுதிவையுங்கள். டீ குடித்துக்கொண்டே அவர் அதைப் படித்துக்கொள்வார்.