பழைய ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ்: அடிபட்ட சைக்கிளுக்குச் சாமான் தேடுவது எப்படி

மாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்த இங்கிலாந்து சைக்கிளை மறுபடி ஓட வைக்கத் தேவைப்படும் சாமான்களில் பெரும்பகுதி இன்றும் நம்மூர்க் கடைகளில் புதிதாகவே கிடைக்கிறது. கறுப்பு நிற 28 அங்குல ரோட்ஸ்டர் இங்கிலாந்தில் வழக்கொழிந்து பல காலம் ஆகியும், லூதியானாவில் அதே அமைப்பில்தான் தயாராகிறது. கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக், காட்டர் பின் என்னும் ஆப்பால் அச்சில் பூட்டிய கிராங்க் (பெடல் கை), தடித்த செயின் எல்லாம் மாறவில்லை. காசும் ஃபிரேமும் வீணாவது மிச்சமிருக்கும் சில சாமான்களில்தான். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவது சுற்றில் மரையை அரைத்துவிடும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் வண்டியை அளக்க வேண்டும். தலையில் இருக்கும் பேட்ஜை நம்பிச் சாமான் வாங்க முடியாது. ராலே கம்பெனி 1932-இல் ஹம்பரையும், 1943-இல் ரட்ஜையும், 1957-இல் பி.எஸ்.ஏ. சைக்கிளையும் வாங்கியது. 1960-இல் ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஆகியவையும் அதே குடையின் கீழ் வந்தன. ஒரே பெயர் தாங்கிய இரண்டு வண்டிகளின் உள்மரை வேறுவேறாக இருப்பதற்கு இதுதான் காரணம். போதாக்குறைக்கு, 1949-இல் தொடங்கிய டி.ஐ. நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸும், அசன்சோலில் தயாரான சென்-ராலேயும் வேறு இருக்கின்றன. பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதன் வயிற்றைத் துடைத்துப் பாருங்கள். ‘ஏ.டபிள்யூ. 54 8’ என்பதுபோல் பொறித்திருக்கும். 1954 ஆகஸ்ட் என்று அர்த்தம். அது ஹப்பின் வயதுதான். சக்கரம் மாற்றிய வண்டியாக இருந்தால் ஃபிரேமின் வயது வேறாக இருக்கும்.

அடி எங்கே பட்டிருக்கிறது

சாமான் பட்டியல் எழுதும் முன் ஃபிரேம் தேறுமா என்று பார்த்துவிடுங்கள். முன்பக்கம் மோதிய வண்டியில் ஹெட் குழாயை ஒட்டிய கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். பெயின்ட் குறுக்கே வெடித்திருந்தாலோ சிறு புடைப்பு கைக்குத் தட்டுப்பட்டாலோ குழாய் மடங்கியிருக்கிறது. அடுத்து நூல் சோதனை: பின் அச்சு உட்காரும் ஒரு பக்கத் துளையில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி இழுத்து, மறுபக்கத் துளையில் விறைப்பாகக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால், வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைவிடக் கொஞ்சம் கூடினால், இரும்பு ஃபிரேம் என்பதால், விவரம் தெரிந்தவர் குளிர நிமிர்த்திவிடுவார்.

இணைப்பு விட்டிருந்தால் ஆர்க் வெல்டிங் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். இந்த ஃபிரேம்களின் மூட்டுகள் பித்தளை வைத்து ஊதியவை. அதன்மேல் ஆர்க் வைத்தால் பித்தளை கலந்து பற்றவைப்பு நொறுங்கும். கேஸில் பித்தளை ஊதத் தெரிந்தவர்தான் வேண்டும்.

ஃபோர்க் வளைந்திருந்தால் மாற்றுவதே நல்லது. மாற்று ஃபோர்க் தேடும்போது நான்கு விவரம் கையில் இருக்கட்டும்: மேல்தண்டின் நீளம், மரை வெட்டிய பகுதியின் நீளம், அங்குலத்துக்கு எத்தனை மரை, சக்கர அளவு. தண்டு நீளமாக இருந்தால் மேலே வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். குட்டையாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

26 மரை என்னும் பொறி

இங்கிலாந்து சைக்கிள்களின் பொது அளவில், பெடல் அச்சு ஓடும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்பின் மரை அங்குலத்துக்கு 24. ராலே தன் நாட்டிங்ஹாம் ஆலையில் செய்த சாதாரண வண்டிகளுக்கு 26 மரை வெட்டியது. ஃபோர்க் தண்டிலும் இதே கதைதான்: மற்றவர்களுக்கு 24, ராலேவுக்கு 26. கப்பின் விட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் வெர்னியர் அளவுகோல் வைத்தாலும் வேற்றுமை தெரியாது. மரை கேஜ் இல்லையென்றால் அரை அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணுங்கள். 12 வந்தால் பொது அளவு, 13 வந்தால் ராலே. பி.பி. குழாயின் அகலமும் ஒரு துப்பு. பொது அளவு 68 மி.மீ.; 71 அல்லது 76 மி.மீ. இருந்தால் அநேகமாக 26 மரைதான்.

கடையில் சாதாரணமாகத் தரும் கப் 24 மரை. அதை ஸ்பேனர் போட்டு முறுக்கி 26 மரைக் குழாயில் ஏற்றிவிடுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஏறும், ஆனால் குழாயின் மரை அத்தோடு போகும். ராலே வண்டியில் பழைய கப்பைக் கழற்றவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. கப்பின் ஓடுதளத்தைத் துடைத்து, விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் குழி இல்லையென்றால் பால்ரஸ் குண்டை மட்டும் மாற்றினால் போதும். பெரும்பாலும் முதலில் தேய்வது அச்சுதான், கப் இல்லை. கழற்றியே ஆகவேண்டும் என்றால், வலப்பக்கக் கப் எதிர்மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல இடப்பக்கம் திருப்பி முழு பலத்தையும் போட்டால் அது இன்னும் இறுகும்.

அச்சு வாங்கும்போது மொத்த நீளத்தை மட்டும் பார்ப்பது போதாது. பால்ரஸ் ஓடும் இரண்டு தோள்களுக்கு இடையிலான தூரம், வலக்கோடியின் நீளம், இடக்கோடியின் நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். வலக்கோடி குட்டையாக இருந்தால் பல்சக்கரம் ஃபிரேமில் உரசும்.

பால்ரஸ் குண்டுகள் எல்லாக் கடையிலும் உண்டு. ரோட்ஸ்டரில் வழக்கமான கணக்கு:

- முன் ஹப்: 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10
- சாதாரண பின் ஹப்: 1/4 அங்குலம், பக்கத்துக்கு 9
- பி.பி.: 1/4 அங்குலம், பக்கத்துக்கு 11
- ராலே ஹெட் கப்: 5/32 அங்குலம், ஒவ்வொன்றுக்கும் 25

பழைய குண்டு பாதி, புதுக்குண்டு பாதி என்று கலந்தால் பெரிய குண்டுகளே முழுப் பாரத்தையும் தாங்கிக் கோனை (குண்டு உருளும் கூம்பு நட்டை) குழிக்கும். ஓர் இடத்தில் மாற்றினால் அத்தனையையும் மாற்றுங்கள். கூடுதலாக ஒரு குண்டைத் திணிக்கவும் கூடாது.

காட்டர் பின்

விலை குறைந்த சாமான். அதிகத் தலைவலி தருவதும் இதுவே. ஆங்கில வண்டிகளுக்கு வேண்டியது 9.5 மி.மீ. விட்டம். 9 மி.மீ. பின்னும் புழக்கத்தில் உண்டு; அது தொளதொளவென்று உள்ளே போய், நாலு தெரு ஓட்டியதும் ஆடத் தொடங்கும். வாங்கும்போது நாலைந்தாக வாங்குங்கள். சாய்வு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறுபடும். ஒரே சாய்வுள்ள இரண்டைப் பொறுக்கி எடுக்கலாம்.

பழையதைக் கழற்ற, நட்டை முழுக்க எடுத்துவிடாமல் பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்வரை தளர்த்துங்கள். கிராங்கின் அடியில் தடித்த இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, பின்னின் மறுதலை குழாய்க்குள் இறங்கும்படி வைத்து, கனத்த சுத்தியால் ஒரே அடி. முட்டு இல்லாமல் அடித்தால் ஒவ்வோர் அடியும் பி.பி. குண்டுகள் வழியாகப் போய்க் கப்பில் குழி போடும். காப்பாற்ற நினைத்த 26 மரைக் கப் அங்கேயே கெட்டுவிடும்.

புதிய பின்னின் சாய்ந்த முகத்தை அச்சின் வெட்டோடு முழுமையாகப் படியும்படி அரம் போட்டுச் சரிசெய்யுங்கள். அடித்து இறக்கிய பிறகுதான் நட். நட்டை முறுக்கிப் பின்னை இழுக்க நினைத்தால் மரை அறுந்துவிடும். வலது கிராங்க் முன்னால் நீட்டி நிற்கும்போது அதன் நட் மேலே இருந்தால், இடது கிராங்கை முன்னால் கொண்டுவரும்போதும் நட் மேலேதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. ஓட்டத் தொடங்கி முதல் 50 கி.மீ.க்குள் மறுபடி தட்டி இறுக்குவது கட்டாயம்.

சக்கரம், டயர், பிரேக்

டயரில் அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். பக்கவாட்டில் பொறித்த மி.மீ. எண்ணைப் பாருங்கள். 28 x 1½ டயருக்கு 635, 26 x 1⅜ டயருக்கு 590. இப்போதைய ‘28’ என்று விற்கும் டயர்களில் பல 622. மலை சைக்கிளின் 26 அங்குலம் 559. 622 டயரை 635 ரிம்மில் ஏற்றவே முடியாது. 635 டயர் இந்தியாவில் இன்றும் தயாராவதால் அதில் கவலை இல்லை.

ஆங்கில ரோட்ஸ்டரில் முன் ரிம்முக்கு 32 துளை, பின்னுக்கு 40. இந்திய ரோட்ஸ்டர் ரிம்மும் அதே கணக்குதான். 36 துளை ரிம்மைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போக்ஸ் கம்பிக்கு முன், பின் சக்கரங்களிலிருந்து வலம் ஒன்று இடம் ஒன்றாகக் கழற்றி மாதிரிக்குக் கொண்டுபோங்கள். கம்பியின் வளைவுக்கு உள்பக்கத்திலிருந்து நுனிவரைதான் அளவு. மூன்று கியர் ஹப்பின் காது பெரியது. சாதாரண பின் ஹப்புக்கான கம்பியைப் போட்டால் நிப்பிளைத் தாண்டி நீட்டி டியூபைக் குத்தும்.

கம்பி பிரேக் வண்டிக்கு வெஸ்ட்வுட் ரிம் வேண்டும். பிரேக் கட்டை ரிம்மின் உள்வட்டத்தில் அழுத்துவதால் அங்கே தட்டையான தளம் இருக்க வேண்டும். பக்கவாட்டுப் பிரேக்குக்கான எண்ட்ரிக் ரிம்மில் அது நிற்காது. இந்தியக் கம்பிகளும் முழங்கைகளும் பெரும்பாலும் ஒத்துப்போகும். கட்டை மாற்றும்போது ஹோல்டரின் மூடிய முனை ரிம் சுழலும் திசையில் இருக்கட்டும். தலைகீழாகப் போட்டால் முதல் பிரேக்கிலேயே ரப்பர் உருவிக்கொண்டு போகும்.

ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்

1936-இல் வந்த ஏ.டபிள்யூ. ஹப் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றித் தயாரானதால், ஓடு நன்றாக இருந்து உள்ளே போயிருந்தால் இன்னொரு பழைய ஹப்பின் உள்பாகத்தை முழுசாக மாற்றிவிடலாம். போக்ஸ் கம்பியைத் தொட வேண்டியதே இல்லை. தனித்தனிப் பல்சக்கரமாகக் கலந்து பார்ப்பதைவிட இது பாதுகாப்பு. கியர் இழுக்கும் சின்னச் சங்கிலி அறுந்திருந்தால், அச்சின் நீளத்தைச் சொல்லி வாங்குங்கள்: 5¾ அங்குலம், 6¼ அங்குலம் என்று இரண்டு உண்டு. தப்பான நீளத்தைப் போட்டால் கியரைச் சரியாக அமைக்கவே முடியாது. இரண்டாவது கியரில் வைத்து வலப்பக்க நட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், சங்கிலித் தண்டின் தோள் அச்சின் நுனியோடு சமமாக நிற்க வேண்டும். அந்த அளவு தவறினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் திடீரென்று வெற்றாகச் சுழலும். எழுந்து நின்று மிதிப்பவர் விழுவார். உள்ளே கிரீஸ் அடைக்காமல் மெல்லிய மெஷின் ஆயிலை மட்டும் விடுங்கள்.

முன்சக்கரத்தில் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனோ ஹப் இருந்தால், ஆசைக்குக்கூடக் காந்தத்தை நடுவிலிருந்து உருவாதீர்கள். இரும்புக் காப்பு இல்லாமல் வெளியே எடுத்த நிமிடமே வலு குறைந்துவிடும்.

எங்கே தேடுவது

புதுச் சாமானுக்குச் சென்னை ரத்தன் பஜார் போன்ற மொத்தக்கடைத் தெருக்கள் போதும். 26 மரை கப், ஹெட் செட், ஸ்டர்மி உள்பாகம் போன்றவற்றுக்கு ஒருகாலத்தில் வாடகை சைக்கிள் விட்ட ஊர்ப்புறக் கடைகளைக் கேளுங்கள். கடை மூடியிருந்தாலும் பிஸ்கட் டின்னில் சாமான் இருக்கும். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விளக்கும் பேட்ஜும் அலங்காரப் பொருளாகிவிட்டதால் விலை ஏறிக் கிடக்கிறது. உங்களுக்கு வேண்டிய கப்பும் கோனும் அங்கே யாருக்கும் பொருட்டில்லை. யாழ்ப்பாணப் பக்கம் உறவு இருந்தால் சொல்லி வையுங்கள். அங்கே ராலேயும் ஹம்பரும் வெகுகாலம் அன்றாட வண்டியாக ஓடியதால் அதன் நுணுக்கம் தெரிந்த மெக்கானிக்குகள் உண்டு.

மூன்று சாமானுக்கு மேல் தேவைப்பட்டால், அதே கம்பெனியின் இன்னொரு செத்த வண்டியைக் காயலான் கடை எடை விலைக்கு முழுசாக வாங்குவதே மலிவு. இணையத்தில் வாங்குவதானால், விற்பவரிடம் வெர்னியர் வைத்துப் படம் கேளுங்கள், மரையின் எண்ணிக்கையையும் கேளுங்கள். ‘ராலேவுக்குப் பொருந்தும்’ என்ற ஒரு வரி மட்டும் சொல்பவரிடம் கப் வாங்க வேண்டாம்.

எங்கும் கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம் என்பது பாதி உண்மை. வாஷர், ஸ்பேசர், சீட் போல்ட், பிரேக் முழங்கை ஆணி எல்லாம் கடையலாம். கோனையும் பி.பி. அச்சையும் சாதா இரும்பில் கடைந்து பதம் ஏற்றாமல் போட்டால் குண்டு அவற்றைச் சீக்கிரமே தின்றுவிடும். பதம் ஏற்றித் தரும் பட்டறை தெரியாவிட்டால், அதே மரையும் அதே வளைவும் உள்ள இந்தியக் கோனைத் தேடுங்கள். முன் அச்சு 5/16 அங்குலம், 26 மரை என்றால் அது சுலபமாகவே கிடைக்கும்.