பூனைக்கு மூச்சு வாங்குகிறதா? டாக்டரிடம் எப்போது கிளம்புவது

பூனை தும்மினால் வீடே பதறுகிறது. சத்தமே போடாமல் மூலையில் உட்கார்ந்து வேகமாக மூச்சு விடும் பூனையை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. எங்கள் கறுப்பிக்கு உடம்பு முடியாமல் போனபோது டாக்டர் சொல்லிக்கொடுத்து நான் பழகிக்கொண்ட வரிசை இது.

1. முதலில் வாயைப் பாருங்கள்

நாய் வாயைத் திறந்து இளைக்கும். பூனைக்கு அது இயல்பல்ல. வாய் திறந்து மூச்சு விடுவது, ஈறோ நாக்கோ நீலம் பூத்தோ வெளுத்தோ போவது, படுக்க முடியாமல் கழுத்தை நீட்டிக் குந்தியிருப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு எக்கி எக்கி இழுப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மீதியைப் படிக்காமல் உடனே கிளம்புங்கள், நடுராத்திரி ஆனாலும். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள். கூட இருப்பவரை விட்டு மருத்துவமனைக்கு போன் போட்டு, ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

2. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்

எனக்குத் தண்ணி காட்டியது இதுதான். நெஞ்சு ஏறி இறங்கினால் சேர்த்து ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஆரோக்கியமான பூனைக்குத் தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கும். திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஓய்வில் இருக்கும்போதே 40-ஐத் தாண்டினால் அவசரம்.

கறுப்பு முடியில் நெஞ்சு அசைவது கண்ணுக்கே தெரியாது. சுருண்டு படுத்துவிட்டால் இன்னும் மோசம். விலா முடிந்து வயிறு தொடங்கும் இடத்தைப் பாருங்கள், அங்கே அசைவு நன்றாகத் தெரியும். எண்ணுவதற்கென்று வரும் ஆப்களை விட போனில் ஒரு நிமிட வீடியோ எடுப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. நிதானமாக ஓட்டிப் பார்த்து எண்ணலாம், டாக்டரிடமும் காட்டலாம். கனவு கண்டு மீசை துடிக்கும் நேரத்தில் எடுத்த எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. வெறும் சளி என்றால்

தும்மல், தெளிவாக ஒழுகும் மூக்கு, லேசான கண்ணீர், ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால் ஓரிரு நாள் பார்க்கலாம். பெரும்பாலும் ஹெர்பீஸ் அல்லது கலிசி வைரஸ்தான் காரணம். வாரம் பத்து நாளில் அடங்கும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், கண்ணைத் திறக்க முடியாமல் பீளை கட்டினாலும், வாயில் புண் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள்.

ஒரு நாள் முழுக்க சாப்பிடாவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். மூக்கு அடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பூனை தட்டைத் தொடாது. வேகவைத்த மீனை லேசாகச் சூடாக்கி வைத்துப் பாருங்கள். வெங்காயம், பூண்டு கூடாது.

4. வீட்டு வைத்தியம்

பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். கால் மாத்திரைகூட வேண்டாம். விக்ஸ், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் எதையும் தடவாதீர்கள். வெந்நீர் திறந்துவிட்ட குளியலறையில் பத்து நிமிடம் கூடவே உட்கார்ந்திருங்கள், அது போதும். மூச்சுத் திணறல் இருந்தால் அதுவும் வேண்டாம்.

5. கொண்டுபோகும் கூடை

மேல் மூடி திறக்கும் கேரியர்தான் வாங்க வேண்டும் என்பேன். மூச்சு வாங்கும் பூனையை முன்கதவு வழியாக இழுத்தால் மிரண்டு இன்னும் திணறும்.

பிறகு சேர்த்தது: குர்குர் என்று சத்தம் போட்டுக்கொண்டே தூங்கினால் எப்படி எண்ணுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த எண்ணிக்கை நம்பகமில்லை, குர்குர் சத்தம் நின்றதும் எண்ணுங்கள். இன்னொருவர் தன் பூனை முடி உருண்டை கக்கப் பார்க்கிறது என்று எழுதியிருந்தார். தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி இருமியும் எதுவும் வெளியே வரவில்லை என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். அடுத்த முறை வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். டாக்டரின் மேஜையில் அது இருமவே இருமாது.