பழைய காரைப் போட்டிக்குக் கொண்டுபோகிறீர்களா?

என் மாமனார் விட்டுப்போன 1958 மோரிஸ் மைனரை, பழைய கார்களைப் பார்த்துப் புள்ளி போடும் போட்டிக்கு முதன்முதலாகக் கொண்டுபோன அன்று, அந்த மைதானத்திலேயே அதுதான் பளபளப்பான வண்டி. முதல் பரிசு நமக்குத்தான் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். கைக்கு வந்ததோ, புள்ளிகளைக் கழித்துத் தள்ளியிருந்த ஒரு தாள். கழித்த இடங்களில் பாதி, நான் காசைக் கொட்டிப் புதுசாக்கிய இடங்கள். கார்புரேட்டர் மேல் உட்காரும் ஏர் கிளீனருக்கு நான் போட்ட குரோம் பூச்சு, கண்ணாடி மாதிரி மெருகேற்றிய டைனமோ, ரேடியேட்டர் ஹோஸில் மாட்டிய புது ஸ்டீல் கிளாம்ப், பெயிண்டுக்கு மேல் மின்னும் நிறமில்லாத கிளியர் கோட் பூச்சு.

நடுவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இந்த வண்டி புதிதாக விற்பனைக்கு வந்த அன்று இப்படித்தான் இருந்ததா? 1935-ல் தொடங்கிய ‘ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா’வை எடுத்துக்கொண்டால், அவர்களுடையது 400 புள்ளி முறை. முழுப் புள்ளியில் தொடங்கி, குறை தென்படும் இடத்திலெல்லாம் கழித்துக்கொண்டே வருவார்கள். தொழிற்சாலை செய்ததைவிட நீங்கள் நன்றாகச் செய்திருந்தாலும் அதற்குக் கூடுதல் புள்ளி கிடையாது. எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது.

அதனால் பழைய கார் கிளப் ஒன்றில் சேர்ந்த கையோடு போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் வண்டி எந்த வகுப்பில் வரும் என்று பாருங்கள். அந்த அமெரிக்க கிளப்பில் வண்டிக்கு 25 வயது ஆகியிருந்தால் போதும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 30 வயது கேட்கிறது. பெயர்களிலும் கவனம் தேவை. முதல் கூட்டத்தில் நான் பெருமையாக “எங்களுடையது வின்டேஜ் கார்” என்றேன். பக்கத்திலிருந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: “வின்டேஜ்னா 1919-லேர்ந்து 1930 வரைக்கும்தான்மா. உங்களோடது ரொம்பச் சின்னப் பிள்ளை.” பிரிட்டிஷ் கிளப்புகளின் வழக்கு அது. மற்றவர்கள் கொஞ்சம் தாராளமாகவே சொல்வார்கள்.

அப்புறம், உங்கள் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, நடுவர் குழுவோடு ஒரு நாள் அட்டையும் பேனாவுமாகச் சுற்றுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பெரிய கிளப்புகளில் வெளிப்புறம், உட்புறம், எஞ்சின், சேஸி எனப்படும் அடிச்சட்டம் என்று ஆளுக்கு ஒரு பகுதி, மேலே ஒரு குழுத் தலைவர். நடுவராவதற்கு வகுப்பு வைப்பார்கள். அதை முடித்துவிட்டுப் பயிற்சி நடுவராகப் போகலாம். சிறிய கிளப் என்றால் கணக்கு எழுத ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள், கேட்டாலே போதும்.

நான் அப்படிப் போன முதல் நாள், 1920-களின் கார் ஒன்று. பெயிண்ட், சீட் எல்லாம் அருமை. வெளிப்புற நடுவர் கதவுப் பக்கம் குனிந்தார், கீலைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் ஏதோ எழுதினார். நானும் குனிந்து பார்த்தேன். கீலில் நான்கு ஸ்க்ரூ. மூன்றின் தலையில் ஒற்றைக் கோடு, நான்காவது ஸ்டார் ஸ்க்ரூ. அந்த ஸ்டார் தலை கார் தொழிற்சாலைக்குள் வந்ததே 1930-களின் நடுவில்தான். அடுத்து விளக்கு வளையத்தைக் காட்டினார். பளீரென்று நீல வெள்ளையாக மின்னியது, குரோம். அந்தக் காலத்துக் காரில் நிக்கல் பூச்சு இருக்க வேண்டும், அது சற்று மஞ்சள் சாயலோடு மங்கலாக இருக்கும். குரோம் பரவலானது 1920-களின் கடைசியில். இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். முட்டி போட்டுப் பார்த்தால் மறக்காது.

இனி காகிதம். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்தது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அந்தக் காலத்து உதிரிபாகப் பட்டியல், ஒர்க்‌ஷாப் மேனுவல், விற்பனைத் துண்டுப்பிரசுரம், பழைய போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மோரிஸ், ஆஸ்டின் போன்ற வண்டிகளுக்கு இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திலிருந்து, சேஸி எண்ணைக் கொடுத்து உற்பத்திப் பதிவின் சான்றிதழ் வாங்கலாம். எங்கள் வண்டி வெள்ளை என்றே குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். சான்றிதழ் சாம்பல் நிறம் என்றது. சந்தேகத்தோடு டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் வெள்ளை பெயிண்ட் படாத ஓரத்தில் சாம்பல்தான்.

அதைவிடப் பெரிய கதை இண்டிகேட்டருடையது. 1961 வரை பெரும்பாலான மோரிஸ் மைனர்களில் மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து கைகாட்டி மாதிரி ஒரு சின்னக் கை வெளியே நீளும், அதற்குள் ஒரு பல்பு எரியும். எங்கள் வண்டியில் யாரோ அந்தக் கை உள்ளே மடங்கும் பிளவை பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். எனக்கு அங்கே பிளவு இருந்ததே தெரியாது. நடுவருக்குத் தெரிந்தது. பரணில் மாமனாரின் டின் டப்பாக்களைக் கொட்டித் தேடியதில், வேட்டித் துணியில் சுற்றி இரண்டு கைகளும் கிடைத்தன. மனிதர் எதையும் தூக்கிப் போட்டதில்லை, அப்போதெல்லாம் அதற்காக எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்! துருவைத் துடைத்து, காயிலைச் சுத்தம் செய்து வயரைக் கொடுத்ததும் ‘டக்’கென்று எழுந்து நின்றது. சாலையில் ஓட்ட மினுக்கும் விளக்கும் வேண்டும் என்றால், பாதுகாப்புக்காகச் சேர்த்ததைக் கழிக்காத கிளப்புகளும் உண்டு. விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

உங்கள் வண்டி கைபடாத அசல் நிலையில் இருந்தால், தயவுசெய்து பெயிண்ட்காரரைக் கூப்பிடாதீர்கள். மங்கிய பெயிண்டும் கிழிந்த ஓரமுமாக, அசலைக் காப்பாற்றி வைத்த வண்டிகளுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறது. உரித்துவிட்டால் அந்த வகுப்பு உங்களுக்கு இல்லை.

போட்டி நாளில் செய்ய வேண்டியது அதிகமில்லை. காலாவதியாகாத தீயணைப்பான் ஒன்று வண்டிக்குள் இருக்கட்டும், சில கிளப்புகளில் அது கட்டாயம். வண்டி தன் எஞ்சினிலேயே மைதானத்துக்குள் வரட்டும். டயரின் உள்பக்கம், மட்கார்டின் அடிப்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, இந்த மூன்றையும் துடையுங்கள். சேஸி நடுவர் டார்ச்சோடு தரையில் படுத்துத்தான் பார்ப்பார். பானட், டிக்கி, கதவு எல்லாவற்றையும் நீங்களே திறந்து காட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். நல்ல நடுவர் உங்கள் வண்டியைத் தொடமாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வண்டி வாங்கிய கதையை ஆரம்பித்தீர்களோ, போச்சு, அவர்களுக்கு வரிசையில் இன்னும் நிறைய வண்டி இருக்கும்.

புள்ளி கழித்ததைப் பற்றி அங்கேயே வாதாட வேண்டாம். தாளைத் தராத கிளப் என்றால், எல்லாம் முடிந்த பிறகு குழுத் தலைவரிடம் எந்தப் பகுதியில் பலவீனம் என்று கேட்கலாம். நான் என் முதல் தாளை ஷெட் சுவரில் ஒட்டி, சரிசெய்த ஒவ்வொன்றையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது போட்டியில் எஞ்சின் பக்கம் ஒன்றும் கழிக்கவில்லை. ஸ்டெப்னிக்குக் கழித்தார்கள்: ஓடும் நான்கும் அசல் அளவில் 5.00-14 கிராஸ்பிளை என்ற பழைய வகை டயர், டிக்கியில் கிடந்தது இந்தக் காலத்து ரேடியல் டயர். ஐந்தாவது டயருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.