கென்டக்கி வரலாறு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைப் பற்றி எழுதும்போது, "கென்டக்கியைக் கண்டுபிடித்தவர் வேட்டைக்காரர் டேனியல் பூன்" என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே சறுக்கல். 1750லேயே தாமஸ் வாக்கர் என்ற மருத்துவர், ஒரு நில நிறுவனத்துக்கு இடம் பார்க்கப் போய், கென்டக்கிக்குள் நுழையும் மலைவழியான கம்பர்லாந்து கணவாயைத் தாண்டிவிட்டார். பூன் அந்தக் கணவாய் வழியே வந்தது 1769ல். அப்போது கூட வந்த ஜான் ஃபின்லி, 1752லேயே கென்டக்கியில் வியாபாரம் செய்தவர்.

சரி, ஃபின்லி யாரிடம் விற்றார்? அடுத்த தவறு இங்கேதான் உடைகிறது. அது ஆளில்லாத வேட்டைக்காடு என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஃபின்லி சரக்கோடு போன எஸ்கிப்பாகித்திகி, இன்றைய கிளார்க் கவுண்டியில் இருந்த, ஷானி என்ற பூர்வகுடி மக்களின் ஊர். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது உண்மைதான். ஷானி ஊர்கள் பிறகு பெரும்பாலும் ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே இருந்தன. ஆனாலும் தெற்குக் கரை அவர்களுடைய வேட்டை நிலமாகவே தொடர்ந்தது. வீட்டுக்காரர் வயலுக்குப் போன நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வீடு காலி என்று சொல்வது போலத்தான் இது. நிலம் விற்க வந்தவர்களுக்கு அந்தப் பேச்சு ரொம்ப வசதி.

"காசு கொடுத்து வாங்கினார்களே" என்று யாராவது சொன்னால், விற்றது யார் என்று கேளுங்கள். 1768ல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் இந்த நிலத்தைப் பிரிட்டிஷாருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இரோக்குவா என்ற வேறொரு பூர்வகுடிக் கூட்டமைப்பினர். அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷானிகளிடம் ஒப்புதல் வாங்கவில்லை. 1775 மார்ச்சில் சிக்கமோர் ஷோல்ஸில் நில வணிகர் ரிச்சர்ட் ஹென்டர்சன், செரோக்கி என்ற இன்னொரு பூர்வகுடியின் தலைவர்களிடம் ஏறக்குறைய 2 கோடி ஏக்கர் வாங்கினார். விலை, சுமார் 10,000 பவுண்டு மதிப்புள்ள சரக்கு. டிராகிங் கனூ என்ற இளம் தலைவர் எதிர்த்தார், பெரியவர்கள் கேட்கவில்லை. பூர்வகுடிகளிடம் தனியார் நிலம் வாங்கக் கூடாது என்று 1763லேயே அரச ஆணை இருந்தது. அப்போது கென்டக்கியைத் தன் பகுதியாக வைத்திருந்த வர்ஜீனியாவும் 1778ல் இந்தக் கிரயம் செல்லாது என்றது.

படம் தேடும்போதும் கவனம் வேண்டும். வரிசையாக வெள்ளைத் துணி கட்டிய வண்டிகள் 1840களின் ஒரிகன் பாதைக்குரியவை. 1775ல் பூனும் சுமார் முப்பது பேரும் கென்டக்கிக்குக் கோடாலியால் வெட்டித் திறந்தது குதிரைத்தடம்தான். உப்பு, விதை, இரும்புச் சட்டி எல்லாம் பொதிக்குதிரை முதுகில் வந்தன. வண்டி போகிற அளவுக்கு அது அகலமானது 1796ல். அப்புறம் படங்களில் பூனின் தலையில் வைக்கும் அந்த ரக்கூன் தோல் தொப்பி: பூன் போட்டது ஃபெல்ட் தொப்பி.

வந்தவர்கள் எல்லோரும் விரும்பி வந்தவர்களும் இல்லை. 1790 கணக்கெடுப்பில் கென்டக்கியின் மக்கள்தொகை 73,677. அதில் சுமார் 12,000 பேர் அடிமைகள். குடியேறிகளின் கோட்டைக்கு வெடிமருந்து செய்து கொடுத்த மங்க் எஸ்டிலும் அடிமையாக வந்தவர்தான்.

முன்னால் போனவர்களுக்கெல்லாம் நிலம் கிடைத்தது என்பதும் பாதிக்கதை. ஒரு மரத்தையும் ஓடை வளைவையும் எல்லையாகச் சொல்லிப் பதிந்த உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஏராளமான ஏக்கருக்கு உரிமை கோரிய பூன், எல்லாவற்றையும் இழந்து 1799ல் ஸ்பெயின் வசமிருந்த மிசூரிக்குப் போனார். அங்கே கிடைத்த நிலமும் அமெரிக்க ஆட்சி வந்ததும் பறிபோனது. 1814ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிலத்தைத் திருப்பித் தந்தபோது, அதில் பெரும்பகுதியைப் பழைய கென்டக்கிக் கடன்களை அடைக்க அவர் விற்றுவிட்டார்.