இளம் சட்டத்தரணிக்கு முதலில் பொலித்தீன் பையைக் கொடுங்கள்

கிளிநொச்சியில் எங்கள் அலுவலகம் இரண்டே அறை. நான், இரண்டு இளம் சட்டத்தரணிகள், ஆறு மாதப் பயிலுனர் ஒருவர், எழுதுவினைஞர் ஒருவர். இவ்வளவு சிறிய இடத்துக்குப் பயிற்சித் திட்டம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சட்டக் கல்லூரி சட்டத்தைப் படிப்பித்து அனுப்புகிறது. வன்னிக் காணி வழக்கைக் கையில் எடுக்கப் பழக்குவது எங்கள் கடமை.

முதல் வாரம் புத்தகம் கொடுக்காதீர்கள். வழக்கோடு வரும் கட்சிக்காரரின் பையைக் கொடுங்கள். கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, அங்கிருந்து செட்டிகுளம் முகாம் வரை கூடவே போய்த் திரும்பிய பொலித்தீன் பை அது. அரச காணிக்குக் கிடைத்த, மடிப்பில் கிழிந்த அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, மை பரவிய பற்றுச்சீட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். புதியவர் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார். விடாதீர்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் வாசித்து, திகதி வரிசையில் அடுக்கி, எது மூலம், எது பிரதி, கையொப்பம் யாருடையது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள்.

இதை நான் வலிக்க வலிக்கக் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தாயின் சொல்லை நம்பி, அவருடைய இளைய மகனுக்காக வழக்காடினேன். காலஞ்சென்ற தகப்பனுக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராக மூத்த மகனின் பெயர் பதிவாகியிருந்ததை இரண்டு வருடங்களுக்குப் பிறகு எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டியது. "நீங்கள் அதைப் பார்க்கவில்லையா, பிள்ளை?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டார். அன்றிலிருந்து, பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பதிவைப் பார்க்காமல் எங்கள் அலுவலகத்தில் ஒரு வரி எழுதப்படுவதில்லை.

அடுத்துப் பழக்க வேண்டியது, காணி எந்த வகை என்று கேட்பது. அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு என்றால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன் பின்னுரிமை அட்டவணை ஆண் பிள்ளைகளை முன்னே வைத்திருந்தது. 2022இல் அது திருத்தப்பட்டது. பழைய பிரதியை அலுமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். உறுதி எழுதிய தனியார் காணி என்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை வரும்: பரம்பரையாக வந்த முதுசமா, சீதனமா, மணவாழ்வில் சம்பாதித்த தேடிய தேட்டமா? ஆனால் வன்னியில் இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். தமிழர், வடக்கில் வசிப்பவர் என்பதற்காக மட்டும் தேசவழமை பொருந்தும் என்று எழுதிவிடக் கூடாது. "உங்கள் அப்பா, அம்மா எந்த ஊர்?" என்று மரியாதையாகக் கேட்கப் பழக்குங்கள்.

பிறகு காணிக்கே அனுப்புங்கள். ஆரம்ப நீதிமன்றத்தில் 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வரும் காணிப் பிணக்குகளில் இளையவர்கள் உறுதியைத் தூக்கிக்கொண்டு வாதாடுவார்கள். அங்கே முக்கியமாகப் பார்ப்பது, பிணக்கு பற்றிய தகவலை மன்றில் தாக்கல் செய்த நாளில் உடைமை யாரிடம் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் எவராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான். ஆகவே வேலிக் கதியால் துளிர்த்திருக்கிறதா, இப்போதுதான் நட்டதா, படலைப் பூட்டின் திறப்பு யாரிடம், கிணற்றடியில் யாருடைய வாளி என்று பார்த்து எழுத வேண்டும். ஒருமுறை எங்கள் பயிலுனர் 'வடக்கே வாய்க்கால்' என்று சத்தியக்கடதாசியில் எழுதிவிட்டார். அதைக் கட்சிக்காரர் முன்னால் உரக்க வாசித்தபோது முதியவர் தலையை ஆட்டி, "வாய்க்கால் கிழக்கே, தம்பி. வடக்கே என் தமையனின் வளவு" என்றார். உரக்க வாசிக்காமல் யாரிடமும் கையொப்பம் வாங்காதீர்கள்.

கணவனையோ பிள்ளையையோ தேடிக்கொண்டிருப்பவர் வந்தால், முதல் நாள் நான் பேச, இளையவர் பக்கத்தில் இருந்து கேட்பார். பேனாவை மூடி வைக்கச் சொல்வேன். மரணச் சான்றிதழ் என்ற சொல்லை நாங்கள் முதலில் எடுப்பதில்லை. 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, காணாமல்போனவரின் மரணத்தைப் பதியலாம். 2016 திருத்தத்தின் பின், காணாமல்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழும் பெறலாம். இரண்டையும் விளக்கிவிட்டு முடிவை அவரிடமே விடுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. அவர் இல்லாதபோது மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம் என்பதை இளையவர் அறிந்திருக்க வேண்டும். அதை அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும்.

சனிக்கிழமை பிற்பகல் தீர்ப்பு வாசிப்பு. எங்கள் நீதிமன்ற மொழி தமிழ், பழைய தீர்ப்புகளோ ஆங்கிலத்தில். வாரம் ஒரு தீர்ப்பை ஒரு பக்கத் தமிழில் சுருக்கி வந்து வாசிக்க வேண்டும்.

மன்றில் பேசவும் விடுங்கள். சிறிய விண்ணப்பங்களை அவரே சமர்ப்பிக்கட்டும். நீங்கள் பின் வரிசையில் இருங்கள், இடையில் எழுந்து திருத்தாதீர்கள். திருத்தத்தை அலுவலகத்தில், கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள்.

முல்லைத்தீவுத் தவணைக்கோ, மாங்குளத்துக்கு அப்பால் காணி பார்க்கவோ அனுப்பினால், பஸ் காசையும் மதியச் சாப்பாட்டுக் காசையும் முந்திய நாள் மாலையே கையில் கொடுத்துவிடுங்கள். பயிலுனர் அதைக் கேட்க மாட்டார்.