பிரான்மலை ஏறும் இருவருக்கு ஒரு பை போதாது

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை அடிவாரத்தில் காரைக்குடிப் பையன்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவன் முதுகில் பெரிய பை. இன்னொருவன் வெறுங்கை. "மாத்தி மாத்தித் தூக்கிக்கிருவோம்ணே" என்றான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் என் நண்பனும் அதே இடத்தில் நின்று அதே பேச்சைத்தான் பேசினோம். அதனால்தான் இந்த மலை ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். தொப்பி போடுங்கள், வழுக்கும் செருப்பு வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதற்குள் போகவில்லை.

பாதயாத்திரை நடந்த கால் போதும் என்ற நினைப்பு

நம் பக்கத்தில் இது அதிகம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று பழனி வரை நடந்தவர்கள், இந்த மலை என்ன பெரிய மலை என்று கிளம்பிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் சாலை நடை, வழியெல்லாம் தண்ணீர் கொடுக்க ஆள் உண்டு. இது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 அடி. இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் கனத்தைத் தொடைதான் பிடித்து நிறுத்த வேண்டும். சாலையில் நடந்த தொடைக்கு அந்த வேலை பழக்கமில்லை. ஒரு மாதம் முன்னாலிருந்தே மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்கிப் பழகுவதுதான் உதவும்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பை

நானும் நண்பனும் ஏறிய அன்று சித்திரை மாதம். பையைத் தூக்கியவன் நான். நாலு லிட்டர் தண்ணீர், வீட்டில் பிடித்த மாவுருண்டை, டார்ச், அவனுடைய போன் எல்லாம் அதற்குள். ஏற ஏற என் நடை கூடியது, அவன் நடை தளர்ந்தது. "நீ முன்னால போய்க்கிட்டு இருடா, நான் பின்னாலயே வாரேன்" என்றான். போனேன். அந்தச் சொல்லுக்குத் தலையாட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மண்ணில் காலடி பதியும், பாறையில் பதியாது. முகட்டில் பாதை பாறை மேல் போகிற இடங்களில் தடமே தெரியாது. ஆட்டுத்தடங்கள் வேறு நாலு பக்கமும் பிரியும். அவன் வலப்பக்கம் இறங்கிய ஒரு ஆட்டுத்தடத்தைப் பிடித்துச் சூரைமுள்ளுக்குள் போய்விட்டான். நான் மேலே உட்கார்ந்து அரைமணி நேரம் காத்திருந்தேன், இதோ வந்துவிடுவான் என்று. பிறகு கூப்பிட்டேன். குரல் பாறையில் மோதி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் திரும்பியது. இரண்டு மணி நேரம் தேடினேன்.

ஒரு பாறை நிழலில் சாய்ந்து கிடந்தான். நீலச் சட்டையின் முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருந்தது. வலது கை விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி இறுகியிருந்தன, அவனால் நிமிர்த்த முடியவில்லை. பாட்டிலைப் பிடிக்கக்கூட முடியாமல், நான்தான் மூடியைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினேன். நாலு லிட்டரில் அதுவரை அவன் குடித்தது இரண்டு மடக்கு.

காலையெல்லாம் வெயிலை வாங்கிய பாறை பதினொரு மணிக்கு மேல் அந்தச் சூட்டைத் திருப்பி விடும். மேலும் சூடு, கீழும் சூடு. வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. தசை பிடிப்பது முதல் அறிகுறி. தலைசுற்றலும் குமட்டலும் அடுத்து வரலாம். பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு, உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து அந்த ஆளை எப்படி இறக்குவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆளுக்கு ஒரு பை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்தது. அவரவர் போன் அவரவரிடம். கழுத்தில் ஒரு விசில். தொண்டை வறண்டாலும் அது கேட்கும். மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும், வேகக்காரர் பின்னால். இதை எத்தனை பேரிடம் சொல்லியும் பாதி வழியில் மாற்றிவிடுகிறார்கள்.

அந்தக் காரைக்குடிப் பையனிடம் என்னிடம் கூடுதலாக இருந்த பாட்டிலையும் ஒரு துணிப்பையையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

சுனை இருக்கிறதே என்று போவது

பாரியின் பறம்புமலை இதுதான் என்பார்கள். வானத்து மீன்களைப் போல அவன் மலையில் சுனைகள் என்று கபிலர் பாடினார். அந்தப் பாட்டை நம்பிப் பாட்டிலைக் குறைக்காதீர்கள். கோடையில் தண்ணீர் இருந்தாலும் பாசி பிடித்துக் கிடக்கும், ஆடும் குரங்கும் வாய்வைத்தது. துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

தேனடைக்குப் பக்கத்தில் புகை

பீடி, சிகரெட், சென்ட் எதுவும் கூடாது.

உச்சியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்பது

திரும்பும் நேரத்தைக் கொடுங்குன்றநாதர் கோயில் வாசலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். மேலே போன பிறகு பேசினால், தெம்பாக இருப்பவர் சொல்வதுதான் எடுபடும். எங்களுக்குப் பத்து மணி. அதற்குப் பிறகு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் ஏறுவதில்லை. அந்தச் சித்திரைக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஆறு முறை சேர்ந்து ஏறியிருக்கிறோம். அதில் இரண்டு முறை, உச்சியில் தர்கா கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்தே இறங்கி வந்தோம்.